பாலத்தடியில் சொன்ன ஐந்தாவது கதை

நவம்பர் 3, திங்கள்

இது ஒரு உரக் கம்பெனி போன வருடம் அச்சடித்த டைரி. கிழமைகளை அடித்துவிட்டு நானே திருத்திக்கொள்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கத்திரிக்காய்ப் படம் வேறு. காப்பகத்தை நடத்தும் டிரஸ்டில் வேலை பார்க்கிற ஜெனிட்டா காலையில் கொடுத்தாள். "தெனமும் பாத்தத எழுதுங்க மாமா. நாலு வரி போதும்" என்றாள். சோணைமுத்துவிடம் வந்து நாலு வரி என்கிறது இந்தப் பெண். நான் ஏழாம் வகுப்போடு நின்றதற்குக் காரணமே, அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்த வாத்தியாரிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போனதுதான்.

விஷயம் இது. தெருவில் கிடப்பவர்களிடம் படித்தவர்கள் போய்ப் பேசினால் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஆகவே தெருவிலிருந்து மீண்டவர்களையே அனுப்புவது என்று முடிவாகி, ஐந்து பேரைப் பொறுக்கி, 'துணையாள்' என்று பெயர் வைத்து, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். பசித்தவன் பாஷை பசித்தவனுக்குத்தான் புரியும் என்பதைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு மூன்று கூட்டமும் இரண்டு பஃபே சாப்பாடும் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த ஐந்து பேரில் என்னை எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. நான் தெருவில் கிடந்தவன் அல்ல. நான்கு வருடம் மதுரையை வெளியிலிருந்து பார்வையிட்டவன். இப்போது இந்த விடுதியில் தங்கியிருக்கிறேன். இதைக் காப்பகம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

நவம்பர் 5, புதன்

பயிற்சி. சென்னையிலிருந்து ஒருவர் குளிர்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, "உங்கள் வாழ்க்கையை ஒரு ஆறாக வரையுங்கள்" என்று ஆளுக்கு ஒரு சார்ட்டு கொடுத்தார். நான் வைகை அணையோடு சேர்த்து வரைந்தேன், மதகு ஏழு வைத்தேன். அவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கண்ணாத்தாள் ஒன்றும் வரையவில்லை.

கண்ணாத்தாள் எங்கள் ஐவருக்கும் தலைவி. புருஷன் அடித்து வெளியே தள்ளியதில் பஸ் ஸ்டாண்டில் பதினோரு வருடம் இருந்தவள். இப்போது காப்பகத்தின் சமையல்கட்டுச் சாவி அவள் இடுப்பில். என்னைவிட நாலு வயது இளையவள், நாற்பது வயது மூத்தவள் மாதிரி பேசுவாள்.

"ஏன்மா வரையல?" என்றார் சென்னைக்காரர்.

"நான் இருந்த எடத்துல ஆறு ஏது தம்பி. சாக்கடைதான். அத வரைஞ்சா உங்க பேப்பரு வீணாப் போயிரும்."

பிறகு அவள் எழுந்து நின்று எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள். சென்னைக்காரர் குறிப்பெடுத்தார், பாவம், அதற்குத்தான் அவருக்கு விமான டிக்கெட்.

"சோத்துப் பொட்டலம் குடுக்குறவிங்க மொதல்ல என்ன கேக்குறாங்க? உனக்கு யாருமில்லையா, ஏன் இங்க கெடக்கண்டுதான. ஒரு தக்காளிச் சோத்துக்கு நம்ம கதைய அவிங்களுக்குக் குடுக்கணும். நம்ம போறப்ப கைய வீசிக்கிட்டுப் போகணும். போயி, நம்ம கதைய மொதல்ல சொல்லணும். தெருவுக்கு வந்த மொத நாளு. எங்க உக்காந்த, ஏன் உக்காந்த. சொல்லிட்டு எந்திரிச்சு வந்துறணும். அவங்களாக் கூப்புட்டா மட்டும் திரும்பி உக்காரு. கதை நெசமா இருக்கணும். அவ்வளவுதான்."

இதற்கு ஒரு பயிற்சி, ஒரு பேனர், ஆளுக்கு இரண்டு சமோசா. கதை சொல்லச் சோணைமுத்துவுக்குச் சொல்லித்தர வேண்டுமாம்.

நவம்பர் 8, சனி

யானைக்கல் பாலத்தடி எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். மற்ற துணையாட்கள் ஒரு நாளைக்கு ஒருவரிடம் பேசித் திணறுகிறார்கள். நான் ஒரே முற்பகலில் நான்கு கதை சொல்லி முடித்தேன்.

ஒற்றைக்கண் பெரியவர் ஒருவரிடம், என் மூன்று மாடி வீட்டை வைகை வெள்ளம் அப்படியே தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னேன். மாடியில் நின்று நான் கையசைத்தேன் என்பதைக் கேட்டு அவர் ஒற்றைக்கண்ணில் நீர் கோத்தது. அடுத்து பலூன் விற்கும் தம்பதி. அவர்களுக்குச் சினிமா பிடிக்கும் என்று தோன்றியதால், ஒரு டைரக்டர் என்னைப் பிச்சைக்காரன் வேடத்துக்குத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் தெருவில் இருந்து பழகச் சொல்லிவிட்டுக் காணாமல் போனதாகச் சொன்னேன். முன்னாள் பூசாரி ஒருவரிடம் எனக்கு ஏழரைச் சனி என்றேன். கூரைக்குக் கீழே தூங்கினால் குடும்பத்துக்கே ஆகாது என்று மலையாள ஜோசியர் சொன்ன கதை. ஆளுக்குத் தகுந்த சரக்கு கொடுப்பது ஒரு கலை. கண்ணாத்தாளுக்கு ஒரே கதைதான் இருக்கிறது, அதையே பதினோரு வருடமாகச் சொல்கிறாள்.

நான்காவது கதை ராயப்பனுக்கு. ஐம்பத்தைந்து இருக்கும். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிகிறது. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது பாதத்தில் சிமென்ட் சாக்குத் துணி சுற்றியிருந்தது. அதிலிருந்து வந்த வாடை எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம், கோர்ட்டு சீல் வைத்துப் பூட்டிய என் பங்களாவைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"பங்களாவுல எத்தன ரூம்புண்ணே?"

"பதினாலு."

"ம். பெருக்குறது செரமம்."

அவ்வளவுதான் பேசினார். மூட்டை தூக்கியவருக்குப் பங்களாவின் அருமை என்ன தெரியும்.

நவம்பர் 10, திங்கள்

மழை. சமையல்கட்டில் வெங்காயம் உரித்தேன். என் வேகத்தைப் பார்த்து எல்லோரும் அசந்துவிட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

பாலத்தடிக்கு ஒரு குடும்பம் பிறந்தநாள் கொண்டாட வந்தது. பிறந்தநாள் அவர்கள் வீட்டு நாய்க்கு. நாய்க்குத் தொப்பி, எங்களுக்குத் தயிர்ச்சோறு. ஒவ்வொரு பொட்டலத்தையும் கொடுத்து முடிக்கும்வரை கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்கள். ஒற்றைக்கண் பெரியவரை இரண்டு முறை வாங்க வைத்தார்கள், முதல் முறை அவர் சிரிக்கவில்லையாம். நாய் மட்டும்தான் அங்கே நாகரிகமாக நடந்துகொண்டது.

அவர்கள் போனதும் நான் என் பங்குக்கு ராயப்பனிடம் போனேன். தூணைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பலூன்காரர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்கண்ணே" என்றார் ராயப்பன். "ஒரு சந்தேகம். நீங்க மாடியில நின்னு கைய ஆட்டுனப்ப, கோர்ட்டு சீல் வச்சது எந்த மாடி? வெள்ளத்துல போனது பங்களாவா, இல்ல பங்களாவுக்குப் பக்கத்து வீடா?"

பூசாரி ஆரம்பித்தார். "ஏழரைச் சனிக்காரன் எப்படிய்யா மாடியில இருந்தான்?"

"டைரக்டர் சொன்னதால ஏறியிருப்பாரு" என்றாள் பலூன்காரி.

இருபதடிக்குள் படுத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கதை பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். அன்றைக்கு ஏனோ மறந்துவிட்டது. பெரிய வித்வான்களுக்கும் ஒரு நாள் சுருதி விலகும்.

நான் எழுந்தபோது ராயப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "வக்கீலு வந்தாலும் டாக்டரு வந்தாலும் இவ்வளவு பொய் சொல்ல மாட்டாங்கண்ணே. நம்மாளு சொல்றீங்களே, அதான் கஷ்டமா இருக்கு."

நம்மாளாம்.

நவம்பர் 13, வியாழன்

மருத்துவ வேன் பாலத்தடிக்கு வந்தது. டாக்டரம்மா ராயப்பனின் சாக்குத் துணியைப் பிரித்ததும் ஜெனிட்டா தள்ளிப் போய் வாந்தி எடுத்தாள். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூக சேவைப் படிப்பில் அந்தப் பாடம் இல்லை போலிருக்கிறது. சர்க்கரை நோய். மூன்று விரல் கறுத்துவிட்டது. இன்னும் நாலைந்து நாளில் ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டிவரும், அதையும் தாண்டினால் ஆளே இல்லை என்றார் டாக்டரம்மா. ராயப்பன் வர மறுத்துவிட்டார். போன வருடம் நாலு பேர் பிடித்துத் தூக்கி ஆம்புலன்சில் போட்டதற்கு, ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கித் தவழ்ந்து வெளியே வந்தவர் அவர்.

மாலையில் கண்ணாத்தாள் சமையல்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அவரிடம் பேசிப் பார்த்திருக்கிறாள்.

"என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? உங்க கதை நெசம்தான் தாயி, ஆனா உங்கள அடிச்சுத் தொரத்துனாங்க, என்னைய யாரும் தொரத்தல, அதுனால உங்களுக்கு என்னையப் பத்தித் தெரியாதுண்டாரு."

"பைத்தியக்காரன்" என்றேன்.

"நம்ம அஞ்சு பேருல நாலு பேர தொரத்தித்தான் விட்டாங்க. உங்கள யாருண்ணே தொரத்துனா?"

"என்னைத் துரத்த ஆள் பிறக்கவில்லை."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று அரிசியைக் களைந்து வடித்துவிட்டுப் போய்விட்டாள். பெண்களுக்குத் தலைமைப் பதவி கொடுத்தால் இப்படித்தான், வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

எனக்கு வயிற்று வலி. பாலத்தடிக்குப் போகவில்லை.

நவம்பர் 15, சனி

வயிற்று வலி.

நவம்பர் 16, ஞாயிறு

கண்ணாத்தாள் கேட்காமலேயே கஷாயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "வயித்துவலி கஷாயத்துக்குக் கேக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நான் குடிக்கும்வரை நின்றாள். ராயப்பனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம், சோறு இறங்கவில்லையாம். எனக்கென்ன. ஊரில் எத்தனையோ பேருக்குக் காய்ச்சல்.

நவம்பர் 17, திங்கள்

இன்று நான் கட்டிய கதைக்கு நிகராக இதுவரை ஒரு கதை கட்டியதில்லை. அதனால் விரிவாக எழுதிவைக்கிறேன்.

காலை பத்து மணிக்குப் பாலத்தடிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ராயப்பன் படுத்திருந்தார், உதடு வெடித்திருந்தது. மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னேன். பலூன்காரி, "ஆறாவது மாடியா?" என்றாள். "அஞ்சாவது கதை" என்றேன். நான் சிரிக்காததால் அவளும் சிரிக்காமல் போய்விட்டாள்.

கதை இதுதான். கதாநாயகன் சோழவந்தானில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். இதைவிடச் சின்ன வேலை எனக்குத் தோன்றவில்லை, அதனால் இதை வைத்தேன். பெண்டாட்டி செத்தபின் தியேட்டருக்குப் பின்னால் இருந்த ஒரு அறையில் தங்கியிருக்கிறான். அவனுக்கு முத்துப்பேச்சி என்று ஒரு மகள். அவளுக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டாரிடம், நான் தியேட்டரில் பங்குதாரர் என்று சொல்லிவிடுகிறான். ஏன் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தவர் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார், அதைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. கல்யாணம் நடந்து மகள் விளாங்குடிக்குக் குடிபோகிறாள். அவளுக்கு உண்மை தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. அவன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதலாளி மாதிரி போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். இப்படி ஆறு வருடம்.

ஒரு தீபாவளிக்குப் புதுப்படம். சம்பந்தி வீட்டார், இவனுக்குத் திடீரென்று ஒரு சந்தோஷம் கொடுக்கலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். அவன் காக்கிச் சட்டையோடு வாசலில் நிற்கிறான். மேனேஜர் பின்னாலிருந்து, "சோணை, வெரசாக் கிழிச்சு உள்ள விடு" என்கிறார். வரிசையாகப் பன்னிரண்டு டிக்கெட்டையும் கிழித்துப் பாதியை அவர்கள் கையிலேயே கொடுக்கிறான். சம்பந்தி வாங்கினார். சம்பந்தியம்மா வாங்கினாள். மகள் கடைசியாக வந்தாள். அவள் நீட்டியபோது டிக்கெட் ஈரமாக இருந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவன் ஒரு பதில் சொல்லியிருப்பான், அவன் வாய்க்குப் பதிலா இல்லை. பன்னிரண்டு என்ற கணக்கை நான் யோசித்து வைக்கவில்லை, தானாக வந்து விழுந்தது.

படம் முடிந்து போகும்போது மருமகன் மட்டும் நின்று, "ராத்திரிக்கு வீட்டுக்குச் சாப்புட வந்துருங்க மாமா" என்றான். கதாநாயகனும் காக்கியைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். விளாங்குடி வரை பஸ்ஸில் போனான். வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் குழல் விளக்கு எரிந்தது. எதிரே இருந்த டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விளக்கு அணைந்ததும் எழுந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க நான்கு வருடம் ஆனது.

கதை முடிந்தது. சட்டப்படி சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். முட்டி பிடித்துக்கொண்டதால் உடனே எழ முடியவில்லை.

ராயப்பன் முழங்கையை ஊன்றி எழுந்து தூணில் சாய்ந்துகொண்டார். பிறகு, "உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

"மண்டியில மூட்டையோட விழுந்தேண்ணே. இடுப்பு போச்சு. என் மகன் அங்கதான் லோடு எறக்குறான். அவந்தான் என்னையத் தூக்கித் தோள்ல போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். யாரும் ஒண்ணும் சொல்லல. மருமக தட்டுல சோத்தப் போட்டு முன்னால வச்சா. கை போகல. எம்புட்டு நல்லவங்கண்ணே அவங்க. அதான் போகல."

"கிறுக்குத்தனம்" என்றேன்.

"ஆமா, டீக்கடையில உக்காந்தவரு சொல்றாரு."

பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தூக்க வந்தவர்களைத் தள்ளச் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் அவரே ஏறினார். சுமை தூக்கியவர் கை, தோள் இன்னும் வலிக்கிறது.

கட்டுக்கதைக்கு இவ்வளவு பலம் உண்டு என்று சென்னைக்காரருக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு பேனர் அடிப்பார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கூட யார் இருக்கிறீர்கள் என்று நர்சம்மா கேட்டார். கையை நீட்டி யாரையாவது காட்டலாம் என்று சுற்றிப் பார்த்தேன், ஜெனிட்டா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் என்றேன். என்ன உறவு என்றார். "பங்காளி" என்றார் படுக்கையிலிருந்து ராயப்பன். அவர் செல்லூர், நான் எங்கேயோ. மூட்டை தூக்குகிறவருக்கு உறவுமுறையும் தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மூன்று விரல் போனது. பாதம் தப்பிவிட்டது. டாக்டரே வெளியே வந்து என்னிடம் கைகொடுத்தார். (வராண்டாவில் கடந்து போனார். கை கொடுத்திருக்கலாம்.)

நவம்பர் 22, சனி

ஜெனிட்டா பெரிய மீட்டிங்குக்கு அறிக்கை எழுதுகிறாள். 'சக அனுபவப் பகிர்வின் மூலம் நம்பிக்கை உருவாக்கம்' என்று தலைப்பு. நான் என்ன பேசி அவரை வரவழைத்தேன் என்று கேட்டாள். சும்மா ஒரு கதை விட்டேன் என்றேன். "அந்தக் கதைய எனக்கும் சொல்லுங்க மாமா, ரிப்போர்ட்ல போடணும்" என்றாள். பங்களாக் கதையைச் சொன்னேன். பதினாலு அறையையும் எழுதிக்கொண்டாள். கண்ணாத்தாள் அந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கமாக என் பேச்சுக்கு நடுவே ஒரு கொட்டு வைப்பவள், இன்று தலையைத் தூக்கவில்லை.

டிசம்பர் 6, சனி

ராயப்பன் காப்பகத்துக்கு வந்துவிட்டார். என் பக்கத்துக் கட்டில். கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு வராண்டாவில் நடை பழகுகிறார், நான் மேற்பார்வை. செல்லூரிலிருந்து மகனை வரச் சொல்லலாமா என்று ஜெனிட்டா கேட்டதற்கு, "யோசிக்கிறேன்" என்றார். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் செருப்பைத் தேடுவாராம்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வராண்டாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ராயப்பன் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். வேலை இல்லாதவருக்குக் கதை ஆசை.

"அண்ணே, அந்தத் தியேட்டர் கதைய இன்னொருக்கா சொல்லுங்க. அன்னைக்குக் காச்சல்ல பாதிதான் காதுல விழுந்துச்சு."

சொன்னேன். நல்ல கதை என்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டும், அதுதான் தொழில். டிக்கெட் கிழித்தது வரை அப்படியே சொன்னேன். டீக்கடைப் பலகைக்கு வந்ததும், மகள் வெளியே வந்தாள் என்றேன்.

ராயப்பன் திரும்பினார். "வெளிய வந்துச்சா? அன்னைக்கு நீங்க சொல்லலையே."

"வந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கையில் ஒரு டார்ச்சு லைட் இருந்தது. தெருமுனை வரைக்கும் போய் நின்று, அப்பா என்று கூப்பிட்டாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள். கடைக்காரன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், அவனிடம் கேட்டாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரைப் பார்த்தீர்களா என்று."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பலகைக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் இருந்தது. அதற்கும் பின்னால்."

"கடைக்காரரு?"

"பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அதனால் சொல்லிவிட்டான். அவள் போனாள். விளக்கை அவள் அணைக்கவில்லை. அன்றைக்கு விளக்கு அணைந்தது என்று சொன்னது தப்பு. அது எரிந்துகொண்டேதான் இருந்தது. நான்தான் எழுந்து போனேன்."

ஒரு நல்ல ரசிகன் என்றால் இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும். பலே என்றோ, பொய் என்றோ, எத்தனை ரூம்பு என்றோ. ராயப்பனோ, காலை ஸ்டூலிலிருந்து மெதுவாக இறக்கி, அந்த ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் போன்றவர்களிடம் கதை சொல்லவே கூடாது.